நீலக் காருக்கு நான்கு வருஷம்

ஆர்லீன் ஹௌகன் என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஒரே காகிதத்தைப் பதினோரு நகல் எடுக்க. அஹிஹிக் என்னும் ஏரிக்கரை ஊரில், கோவிலுக்குப் பின் தெருவில் என் நகல் கடை. ஏரிக்கரையில் வந்து குடியேறும் வெளிநாட்டுக்காரர்களின் பிறப்பு, கல்யாணம், ஓய்வூதியம் எல்லாம் என் இயந்திரத்தின் கண்ணாடியில் ஒருதரமாவது குப்புறப் படுத்து எழுந்திருக்கும். எதற்கு இத்தனை என்று கேட்டேன். வீட்டுக்கு இரண்டு, காருக்கு மூன்று, கைப்பைக்கு ஒன்று, மிச்சம் தொலைப்பதற்கு என்று விரல்விட்டுச் சொன்னார்.

அந்தக் காகிதம் காரின் அனுமதிச் சீட்டு. கனடாவில் சஸ்காட்சுவான் என்னும் பனிநாட்டிலிருந்து எட்டு நாள் தனியாக ஓட்டிக்கொண்டு வந்த நீலக் கார் அது. பின்பக்கம் நீண்டு, ஒரு கட்டிலே போடலாம் போல இருக்கும். ஆர்லீன் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு அட்டை. கார் அந்த அட்டையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. அட்டைக்கு உயிர் இருக்கும்வரை காருக்கும் உயிர். அட்டையைப் புதுப்பித்தால் பதினைந்து நாளுக்குள் சுங்கத்துறைக்குக் கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கி, அந்த நகலைக் காரிலேயே வைத்திருக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய அனுமதி வில்லை கிழியக் கூடாது. காரை இங்கே விற்க முடியாது. இதெல்லாம் நான்கு வருஷத்துக்குத்தான். அதன்பிறகு ஒன்று நிரந்தர அட்டை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரம் ஆகிவிட்டால் மனுஷிக்கு இங்கே இடம் உண்டு, காருக்குக் கிடையாது.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர் ஆர்லீன். விடிவதற்கு வெகுமுன்னே எழுந்து, பனியில் உறைந்த இன்ஜினைச் சூடாக்கி, கோதுமை வயல்களுக்கு நடுவே பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவார். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு அந்த நேரத்தை விடவில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காது. வெயிலில் காய்ந்தாலாவது தூக்கம் வருமா என்றுதான் எங்கள் ஊருக்கு வந்தார். வெயில் கிடைத்தது, தூக்கம் கிடைக்கவில்லை. போதாததற்கு இரண்டாம் வருஷம் கண்ணும் மங்கத் தொடங்கியது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகை. ஓரக்கண்ணால் பார்த்தால் உலகம் தெளிவாக இருக்கும். நீ என் எதிரில் நின்றால் உன் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எவரார்தோ என்கூடப் படித்தவன். ஐம்பத்து நான்கு வயது, தனிக்கட்டை. ஊர் பேண்டு வாத்தியத்தில் டூபா ஊதுகிறவன். பித்தளையில் செய்த மலைப்பாம்பு ஆளைச் சுற்றிக்கொண்டு தலைக்குமேல் வாயைப் பிளந்த மாதிரி இருக்குமே, அந்த வாத்தியம். ஏரியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம், சாவு, சாமி ஊர்வலம் என்றாலும் அவன் போயாக வேண்டும். ஒருநாள் பேருந்துக்காரர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து அந்த மலைப்பாம்பை ஏற்ற மாட்டோம் என்று போய்விட்டார்கள். நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். அந்த வழியாக வந்த ஆர்லீனால் நிறுத்தத்தில் நிற்கிற ஒருவரைத் தாண்டிப் போக முடியவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். நிறுத்தினார், ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பசுவையும், ஐந்தாவதில் ஒரு தர்பூசணிக் கடையையும் கார் உரசாமல் போனது தெய்வச்செயல். எவரார்தோ வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தோன்யா, நான் கொஞ்சம் ஓட்டட்டுமா? உங்களுக்குக் களைப்பா இருக்கும்" என்றான். தோன்யா என்றால் எங்கள் பாஷையில் மரியாதையாக அம்மா.

ஆர்லீன் ஓரமாக நிறுத்தி யோசித்தார். பிறகு சட்டத்தைச் சொன்னார். வெளிநாட்டு நம்பர் காரை இந்த நாட்டுக்காரன் ஓட்டலாம், ஆனால் அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவர் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். "நான் எறங்க மாட்டேன். நீ எங்க போனாலும் நானும் வருவேன். சம்மதமா?"

"சாவு வீட்டுக்குத்தான் போறேன், தோன்யா."

"பரவால்ல. எனக்கு வேற வேலை இல்ல."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். பிறந்ததிலிருந்து ஆர்லீனை வேறு யாரும் உட்கார வைத்து ஓட்டியதே இல்லையாம். ஏரி ஒருபக்கம் வெள்ளித்தட்டு மாதிரி கூடவே வந்தது, மலை மறுபக்கம். பத்தாவது நிமிஷம் அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. ஊர் வந்த பிறகும் எழுப்ப மனசு வராமல், எவரார்தோ காரை நிழலில் நிறுத்திவிட்டுப் போய் ஊதினான். சாவு ஊர்வலம் காரைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆர்லீன் அசையவில்லை.

அப்படித்தான் வழக்கமானது. அவனுக்குக் கார் வேண்டும், அவருக்குத் தூக்கம் வேண்டும், சட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனது. வாரத்தில் நான்கு நாள் மத்தியானம் நீலக் கார் ஏரியைச் சுற்றும். எழுந்ததும் ஆர்லீன் கனவைச் சொல்லுவார். கனவில் அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். பேருந்து நிறைய பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் மூக்கு, முழி, பல்லிடுக்கு எல்லாம் இருக்குமாம். ஒருநாள் எவரார்தோவும் ஏறினானாம். "ஆனா உனக்கு மீசை இல்ல" என்றார்.

எவரார்தோவுக்கு அது தாங்கவில்லை. என் கடையில் வந்து புலம்பினான். "இருபத்தஞ்சு வருஷ மீசை, எல்வியா. இந்த ஜில்லாவுக்கே தெரியும். பக்கத்துல உக்காந்திருக்கிற மனுஷிக்குத் தெரியல."

"தெரியணும்னா சொல்லிருக்கணும்ப்பா. வெக்கப்பட்டா எப்படி?"

அடுத்தநாள் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வந்த கனவுகளில் மீசை இருந்ததாம். கொஞ்சம் பெரிதாகவே.

ஒருதரம் ஹோகோதெபெக் ஊர்ப் பக்கம் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். சஸ்காட்சுவான் கார்களுக்குப் பின்னால் மட்டும்தான் நம்பர் தகடு, முன்னால் மொட்டை. அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். உள்ளே எங்கள் ஊர் மீசை ஒன்று ஓட்டுகிறது, பக்கத்தில் வெள்ளைக்கார அம்மா வாயைத் திறந்தபடி கிடக்கிறார், பின்னால் பித்தளை மலைப்பாம்பு. காவலர் குனிந்து பார்த்து, "இந்தம்மா உயிரோடதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க சார், இப்பத்தான் கண்ணசந்தாங்க. காருக்குள்ள இருக்கணும்னுதான் சட்டம். முழிச்சிருக்கணும்னு இல்ல" என்றான் எவரார்தோ. காகித உறையை எடுத்துக் கொடுத்தான். நான் எடுத்துக் கொடுத்த நகல்கள்: அட்டை, அனுமதி, சுங்கத்துறை முத்திரை, காப்பீடு, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் தாளில். காவலர் எல்லாவற்றையும் பானெட்டின் மேல் பரப்பிப் படித்தார். படித்து முடித்து, கதவைத் தட்டாமல், கையால் போ போ என்று காட்டினாராம்.

ஊர் சும்மா இருக்குமா? அனுமதிக்காரரின் புருஷனோ பெண்டாட்டியோ தனியாகவே ஓட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியது நான்தான். "கட்டிக்கோ எவரார்தோ, அம்மாவ வீட்ல தூங்க விட்டுட்டு நீ பாட்டுக்கு ஓட்டலாம்" என்றேன். அவன் காது சிவந்துபோனது. ஆர்லீனுக்கு எங்கள் பாஷையைக் கற்றுக்கொடுத்தது பேண்டுக்காரர்கள். அதனால் அவர் வாயில் வருவதெல்லாம் வாத்தியக்காரர்கள் பேச்சுதான். "ஊதுற நேரம் போக மிச்ச நேரம் தின்னுக்கிட்டே இருக்கான் இந்தப் பய. வீட்லயே தூங்குறதா இருந்தா இவன் எனக்கு எதுக்கு?" என்றார். கடையில் நகலுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எவரார்தோவும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

நான்காம் வருஷம் மாசி மாதத்தோடு முடிவதாக இருந்தது. ஆர்லீன் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை. அவர் முன்னால் இருந்த வழிகள் எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பிப் போய், மறுபடி தூதரகத்தில் வரிசையில் நின்று, புதிதாகத் தற்காலிகம் வாங்கி, காரோடு திரும்பி வரலாம். ஆனால் அங்கே ஓட்டுநர் உரிமத்துக்குக் கண்ணைப் பரிசோதிப்பார்கள். இல்லையென்றால் நிரந்தரம் வாங்கிக்கொண்டு காரை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். எட்டாம் நாள் வந்தார். "நான் இருக்கேன். கார் போகட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வடக்கு எல்லைதான் பக்கம். ஆனால் அந்த எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போக எவரார்தோவுக்கு விசா கிடையாது, இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஆர்லீனால் ஓட்ட முடியாது. தெற்கே குவாதமாலா நாட்டுக்கு நாங்கள் விசா இல்லாமல் போகலாம். தூரம்தான் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று பேண்டுக்காரன் ஒருவன் சொன்னான். நாற்காலியும் கருவிகளும் ஏற்ற அவருக்கு நீளமான கார் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் காகிதமெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நான்கு நாள் பயணம். டூபாவும் போனது. எதற்கு அது என்று கேட்டதற்கு, பின்னால் பாரம் இல்லாவிட்டால் காருக்குப் பழக்கமில்லை என்றான். முதல் இரண்டு நாள் ஆர்லீன் வழக்கம்போலத் தூங்கினார். எரிமலைகள் தாண்டிப் போயின, கள்ளிக்காடுகள் போயின. மூன்றாம் நாள் இரண்டு கடலும் நெருங்கி வருகிற குறுகலான நிலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. கண்ணுக்கெட்டிய வரை காற்றாலைகள் வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே விழித்தவர் அதன்பிறகு கண்ணை மூடவே இல்லை. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். தூங்குங்கள் என்று இவன் சொன்னதற்கு, "இன்னிக்குத் தூங்குனா வீணாப் போயிரும்" என்றாராம்.

நான்காம் நாள் மத்தியானம் எல்லை. ஒரு இளம்பெண் அதிகாரி கார் நம்பரைச் சரிபார்த்து, படம் எடுத்து, சின்னக் கத்தியால் முன்கண்ணாடி வில்லையைச் சுரண்டினாள். நான்கு வருஷ வெயிலில் ஊறிய பசை, வர நேரமானது. ரத்து என்று ஒரு ரசீது கொடுத்தாள். ஆர்லீன் கையை நீட்டிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

பாலத்தில் வண்டி அதிகம் இல்லை. கீழே மண்நிறத்தில் ஆறு. டயர் ட்யூப்களின் மேல் பலகை கட்டிய தெப்பங்களில் சோளமூட்டையும் கோழிக்கூடையும் ஆட்களும் எந்தக் காகிதமும் இல்லாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் மிதந்துகொண்டிருந்தார்கள். பாலம் தொடங்கிய இடத்தில் ஆர்லீன் நிறுத்தச் சொன்னார்.

"எவரார்தோ, இப்ப இந்தக் காருக்கு எந்த ஊர்ச் சட்டம்?"

"அங்க முடிஞ்சிருச்சு. இங்க இன்னும் ஆரம்பிக்கல, தோன்யா."

"அப்ப நீ எறங்கு. நான் ஓட்டுறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை என்றான் என்னிடம். இறங்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அது அவருக்குத் தெரியுமா என்று கேட்டான். ஓரமாகப் பார்த்தால் தெரிகிறது என்றார். "நீ முன்னால நட. திரும்பிப் பாக்காத. நீ நின்னா நான் நிப்பேன்."

பாலத்தின் மேல் எவரார்தோ நடந்தான். பத்தடி பின்னால், தலையைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, பிள்ளைகள் ஏறும்போது போடுகிற மாதிரி நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு, ஆர்லீன் ஓட்டினார். நடைவேகம்தான். ஆற்றுக்காற்று வீசியது, உருக்கிய ஈயம் மாதிரி வெயில், இன்ஜின் சத்தம் மட்டும் முதுகில். மூன்று சக்கர மிதிவண்டிக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, "என்ன பெரியவரே, மாடு பத்திக்கிட்டுப் போறீங்களா?" என்றான். எவரார்தோ திரும்பவில்லை. பாதியில் பயம் வந்து சட்டென்று நின்றுவிட்டான். பின்னால் பிரேக் மெதுவாக முனகியது. முழங்காலுக்குப் பின்புறம் இன்ஜினின் சூடு பட்டது, இரும்பு படவில்லை. மறுபடி நடந்தான். அக்கரையில் காவலாளி கை தூக்கினார், வெள்ளைக் கோட்டில் சக்கரம் சரியாக நின்றது.

ஆர்லீன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். அவன் ஜன்னலண்டை போய் நின்றபோது, "உன் முதுகு நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றார். இதை என்னிடம் சொல்லும்போது எவரார்தோ நகல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரை டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, டூபாவோடு நெடுந்தூரப் பேருந்திலேயே திரும்பி வந்தார்கள். ஆர்லீனுக்கு நிரந்தர அட்டை வந்துவிட்டது. எவரார்தோவின் டூபா இப்போது பேண்டில் தம்பட்டம் அடிக்கிறவனின் மச்சான் ஓட்டும் காய்கறி வண்டியில், வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்துப் போகிறது. போன வாரம் அதற்குள்ளிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் படித்துறையில் வறுத்த மீன் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். முள் எடுத்துக் கொடுப்பது அவன்தான்.

மத்தியான வேளைகளில் ஆர்லீன் ஏரியைச் சுற்றும் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை தூங்கிப் போய்த் தூங்கி வருகிறார். ஓட்டுநர்கள் எழுப்புவதில்லை. அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் முன்னால், நல்ல தூக்கத்திலும், அந்தம்மாவின் வலது கால் தரையை அழுத்துகிறதாம்.