தீர்ப்பு வேண்டாத வழக்குகள்

கிருஷ்ணகிரியில் பெங்களூரு பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் நிற்கிறேன். டிவியில் ஏதோ ஒரு நாட்டு அமைச்சர் சர்வதேச நீதிமன்றத்தின் படிகளில் நின்று முழங்குகிறார். பக்கத்து நாடு அகதி முகாமின் மேல் குண்டு போடுகிறது என்று வழக்குப் போட்டிருக்கிறாராம். அந்தக் குண்டு போடும் விமானங்களுக்கு எண்ணெய் விற்பதே இவர் நாடுதான். அங்கே சீக்கிரமே தேர்தல்.

"எண்ணெயை நிறுத்த ஒரு கையெழுத்துப் போதாதா? அதுக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்று வாய்விட்டே கத்திவிடுகிறேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் சிரிக்கிறார். "ஜெயிக்கறதுக்கா சார் கேஸு போடறாங்க? நானுந்தான் என் தம்பி தோப்பு மேல போட்டிருக்கேன். கேஸு இருக்கற தோப்புல எந்த வியாபாரியும் காய் எடுக்க மாட்டான். தீர்ப்பு வராட்டியும் பரவால்ல."

"காய்ச்சதெல்லாம்?"

"மரத்தடியிலயே அழுகுது."

பெருமையாகத்தான் சொல்கிறார். திரையில் அமைச்சர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காரில் ஏறுகிறார். அடுத்து முகாமைக் காட்டுகிறார்கள். வெள்ளைத் துணி சுற்றிய உடல்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள்.

இவர் தம்பியின் தோப்பில் அழுகுவதாவது பழம்.