நடுக்கோட்டைத் தொட்ட வைரம்

சங்கமித்ரா கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். புள்ளியியல் படித்துவிட்டு, 2004இல் ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தன் வடசென்னைப் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்துவிடக் கூடாதென்று அங்கே அளந்துதான் பேசுவாள்.

நாள்பட்ட இருமலுக்கான ஒரு மாத்திரையைப் பற்றிப் பல ஊர்களில் நடந்த ஆய்வுகளைக் கணினியில் சேர்த்து, ஒரே முடிவு காண்பது அவள் வேலை. மென்பொருள் ஒவ்வோர் ஆய்வையும் ஒரு சதுரமாகவும், மொத்த முடிவை அடியில் ஒரு வைர வடிவமாகவும் வரையும்; படத்தின் நடுவே, பலன் இல்லை என்பதைக் குறிக்கும் ஒரு செங்குத்துக் கோடு. வைரம் நடுக்கோட்டைத் தொட்டால், மாத்திரை பலித்தது என்று சொல்ல வழியில்லை.

தொட்டது.

தலைமை டாக்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் கொருக்குப்பேட்டை ஆய்வை எடுத்துடும்மா. அந்த ஏரியா ஜனங்க மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டாங்க."

அவள் அந்த ஆய்வின் டிக்கை எடுத்தாள். வைரம் கோட்டிலிருந்து விலகியது. டாக்டர் முகம் மலர்ந்தது. மறுபடி டிக் போட்டாள். வைரம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"முழுங்கினாங்க சார்," என்றாள். "எங்கம்மாவும் அந்த ஆய்வுல கீது. குடோன்ல சாக்கு தெச்சிகினே வேளை தவறாம முழுங்குச்சு. இருமல்தான் நிக்கல."

"உணர்ச்சிவசப்படாதே. ஏதாவது ஒரு காரணம் போட்டு நீக்கு."

நீக்கும் ஆய்வுக்குக் காரணம் கேட்கும் கட்டத்தை அவள் திரையில் திறந்தாள். அது காலியாக மினுங்கியது. எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நீங்களே குந்தி அடிங்க சார். இன்னா காரணம்னு நானும் பாக்கறேன்."