தன்ஷிகா யானைக் கட்சி

காமெடிப் படம் பார்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து யாருக்காவது கை நடுங்குமா? எனக்கு நடுங்குகிறது. இதை டைப் செய்யும்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் எடிட்டர் திட்டிக்கொண்டே திருத்துவார்... நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். தென்காசியில் ஒரு டப்பிங் படம் வந்திருந்தது. குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். என்னுடைய குடும்பம் அன்றைக்கு நானும் என் தம்பி மகள் தன்ஷிகாவும். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் மட்டும் பி.எச்டி.

கதை ரொம்ப சிம்பிள். காட்டை வெட்டி வீடு கட்ட ஒரு கம்பெனிக்காரர் வருகிறார். மிருகங்கள் மீட்டிங் போட்டு அவரை ஒரு வழி பண்ணுகின்றன. குரங்கு கார் சாவியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடுகிறது. கரடி அவருடைய பாத்டப்பில் இறங்கிக் குளிக்கிறது. யானை சேற்றை அள்ளி, விரித்து வைத்த பிளான் மேலேயே ஒரு அடி! தன்ஷிகா சீட் மேல் ஏறி நின்று, "அடி! இன்னொண்ணு அடி!" என்று கத்தினாள். பின் சீட்டுக்காரருக்கு பாதிப் படம் அவளுடைய முதுகுதான்.

வெளியே வரும்போது கேட்டாள். "அத்தே, அந்த ஆளு எதுக்கு மிருகத்தையெல்லாம் விரட்டுதான்?"

"கெட்டவன்ட்டி. அதான் விரட்டுதான்."

யோசித்தா சொன்னேன்? இல்லை. மிச்ச பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டே சொன்னேன்.

இவளுடைய அப்பா, அதாவது என் தம்பி கணேசன், என்ன வேலை செய்கிறான் என்பது அந்த நிமிடம் என் புத்தியில் உறைக்கவில்லை. வடகரையில் மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு. பகலில் தென்னைக்குத் தண்ணீர் விடுவான். சாயங்காலமானால் யானை விரட்டுவான்.

யானையைப் பிடிக்காதவர்கள் யாராவது உண்டா? நமக்கெல்லாம் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் குட்டியானை வீடியோ வேண்டும். கணேசனுக்கும் யானை பிடிக்கும், கோயிலில் நிற்கிற யானை. தோப்புக்குள் வந்தால், பத்து வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னையை அது பத்து நிமிடத்தில் சாய்த்து, குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்கும் பசி. அது வந்துபோன பழைய வழியிலெல்லாம் இப்போது யார் யாரோ சுவர் கட்டி, கேட் போட்டு, உள்ளே நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் பால்கனியில் நின்று மலையைப் பார்த்து, "வாவ்... நேச்சர்!" என்கிறார்கள். சுவரில் முட்டிய யானை திரும்பி எங்கே போகும்? என் தம்பி தோப்புக்குத்தான் போகும்.

அவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் வெடி. தீபாவளி முடிந்ததும் மிஞ்சின அணுகுண்டையெல்லாம் வாங்கி வந்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வான். சாரல் காலத்தில் வெடி நமத்துப்போகும். அதனால் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் மொட்டைமாடியில் முறம் நிறைய வெடி காயும். மற்ற வீடுகளில் வத்தல் காய்வது போல இவர்கள் வீட்டில் அணுகுண்டு. புதிதாக வருகிறவர்கள் அரண்டு போவார்கள். தன்ஷிகா பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

போன சனிக்கிழமை வடகரைக்குப் போயிருந்தேன். நாலு மணிக்கு கணேசன் வெடிப்பையை பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். "இருட்டுததுக்கு முன்னாடி ரெண்டு வெடியப் போட்டுட்டு வந்துருதேன்க்கா. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றான்.

தன்ஷிகா அன்றைக்கு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தாள். டி.வி. போடவில்லை. நான் கொண்டுபோன முறுக்கைத் தொடவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஐந்தரை மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தே, வெடி வெடிக்கலேன்னா அப்பா என்ன செய்வாங்க?"

"ஏன் வெடிக்காது?"

உதடு பிதுங்கியது.

"ஏட்டி... என்ன செஞ்ச?"

"பெட்டில மிச்சம் இருந்த வெடிய வாளித் தண்ணில முக்கிட்டேன். ரெண்டு நாளு. பொறவு மாடில காய வெச்சுட்டேன். நனைஞ்சது தெரியக் கூடாதுல்லா..."

எட்டு வயசுக்கு என்ன மூளை! நனைத்தது மட்டுமல்ல, நனைத்த தடயமும் இல்லை. அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை அப்பாவுக்கே வைத்துவிட்டாள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டேன். அதே குரல்... அந்த அம்மாளுக்கு என்ன, நிதானமாகச் சொல்கிறாள்! அடுக்களையிலிருந்து தம்பி மனைவி செல்வி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே இறக்கி, அலமாரியிலிருந்து இரண்டு சில்வர் தட்டும் ஒரு கரண்டியும் எடுத்தாள்.

"வாங்க மதினி. வெடி இல்லேன்னா இதையாவது தட்டுவோம்."

என் ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். நடுவில் தன்ஷிகா, கடைசியில் மடியில் தட்டோடு நான். வீட்டில் இருக்கச் சொன்னால் இருப்பாளா அந்தப் பிள்ளை? சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பண்பொழி மலைமேல் இருக்கிற முருகனிடம் போகிற வழியெல்லாம் நேர்ந்துகொண்டே போனேன். மொட்டை போடுகிறேன் என்றேன். யார் தலைக்கு என்று சொல்லவில்லை. அவ்வளவு பதற்றம்.

தோப்புக்கு முன்னால் ஒரு கால்வாய்ப் பாலம். பக்கத்துத் தோப்புக்கார அண்ணாச்சி அங்கேயே கையை நீட்டி மறித்தார்.

"அங்கன போவாதீய! ரெண்டு நிக்கி."

"எங்க வீட்டுக்காரவுக உள்ள இருக்காவ அண்ணாச்சி!"

"தெரியும்மா. பைக்கு நிக்கி, ஆளக் காணல. மேத்தோப்புக்கு ஆள அனுப்பியிருக்கேன். அவங்க வெடி கொண்டு வரட்டும். அதுவரைக்கும் தட்டு கிட்டு தட்டிராதீய. மெரண்டுச்சுன்னா எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது."

ஆக, கையில் தட்டை வைத்துக்கொண்டு தட்டாமல் நின்றோம்.

அந்த நேரத்துக்கு எப்போதும் தோப்புப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும். வடகரைக்கு வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, "நிம்மதியா ஒரு காப்பி குடிக்க முடியுதாலே இந்த ஊர்ல?" என்று தம்பியைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சத்தம் ஒன்றே ஒன்று கேட்டுவிடாதா என்று நின்றேன். கேட்கவில்லை. ஒரு தென்னை மடார் என்று விழுகிற சத்தம் கேட்டது. செல்வி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை.

பயந்தேன். அப்பட்டமாகச் சொல்கிறேன், தம்பி போய்விட்டான் என்றே நினைத்தேன். இவ்வளவுக்கும் காரணம் நான் என்றும் நினைத்தேன்.

அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா... தெரியாது. மேல்தோப்பு ஆட்கள் வந்து வெடிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் தொடர்ச்சியாக. பிளிறல் கேட்டது. புதர் முறிகிற சத்தம் மலைப்பக்கமாக நகர்ந்து போனது. அண்ணாச்சி, "ஏறிட்டு... ஏறிட்டு" என்றார். அதற்கப்புறமும் ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை.

பிறகு கணேசன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். முட்டியெல்லாம் ரத்தம், ஒரு காலில் செருப்பு இல்லை. மோட்டார் ரூமுக்குள் ஓடிப்போய்க் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வெளியே நின்று கதவை மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது ஒன்று.

"நாலு வெடி பத்த வெச்சேன்க்கா. நாலும் புஸ்ஸுன்னு போச்சு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். நாளைக்கு இருக்கு அவனுக்கு!"

கடைக்காரர் தலையில் பழி விழட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. செல்வியும் திறக்கவில்லை. பெரிய மனுஷிகள் நாங்கள்!

"நாந்தாம்ப்பா" என்றாள் தன்ஷிகா.

தண்ணீரில் முக்கியதை, காய வைத்ததை, அப்பா பையில் மாற்றி அடுக்கியதை... ஒன்று விடாமல் சொன்னாள். கணேசன் பாலத்துச் சுவரில் மெல்ல உட்கார்ந்தான்.

"எதுக்குட்டி செஞ்ச?"

"மிருகத்த விரட்டுறவங்க கெட்டவங்கன்னு அத்தை சொன்னாங்க. நீங்க கெட்டவங்களா இருக்கக் கூடாதுன்னுதாம்ப்பா..."

அதற்குமேல் சொல்ல முடியாமல் ஓவென்று அழுதாள். அவன் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிள்ளையை பைக்கில் முன்னால் உட்கார வைத்து, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

நேற்று காலையில் போன் செய்தான். நான் பயந்துகொண்டே எடுத்தேன். தோப்பில் எத்தனை தென்னை போயிற்று என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்தப் படத்துல, அந்தக் கம்பெனிக்காரன் கடைசில என்ன ஆவுதான்?"

"என்ன ஆவுதான்... மூட்டை முடிச்சோட அவன் ஊரப் பாத்து ஓடிப்போயிருதாம்லே."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பரவால்லயே... அவனுக்கு ஓடுததுக்கு ஒரு ஊரு இருந்திருக்கு" என்றான்.

அந்த சீனுக்கு தியேட்டரில் எழுந்து நின்று கை தட்டியவள் நான்.