நோன்பாளிக்கு எழுதிய மூன்று வேளை

பல் மருத்துவ மாணவர்களுக்கு மருந்துச்சீட்டு எழுதக் கற்றுத்தருகிற கழுதை நான். 1-1-1 என்றால் காலை, மதியம், இரவு, சாப்பிட்டபின் என்று பலகையில் எழுதியே பேராசிரியர் ஆனவன்.

போன ரமலானில், துபாயிலிருந்து விடுப்பில் வந்த கீழக்கரைக்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, வலி மாத்திரை 1-1-1 எழுதினேன். மூன்றாம் நாள் அவருக்கு ரத்த வாந்தி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கோபம்தான் ஏறியது.

"மாத்திரையை எப்படிப் போட்டீங்க?"

"நோன்பு திறந்ததும் வெறும் வயித்துல மூணையும் ஒண்ணாப் போட்டேன், டாக்டர்."

"அறிவிருக்கா? சீட்டைப் படிக்கலையா?"

அவர் மனைவி எழுந்தார். "வாய் கொப்பளிக்கச் சொன்னப்பவே இவுக நோன்புன்னு சொன்னாகல்ல? 'சரி சரி'ன்னு தலையை ஆட்டிக்கிட்டே எழுதுனது யாரு? பகல்ல எப்படிப் போடுவாக?"

சொன்னார்தான். காது கேட்டது, கை மனப்பாடத்தை எழுதியது. என்னை நானே அறைந்திருப்பேன், வார்டில் கூட்டம்.

"எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டபிறகே 1-1-1 எழுது என்று இப்போது மாணவர்களிடம் கத்துகிறேன்.

அவர் பிழைத்து வீடு திரும்பிய அன்று மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிச்சப் பல்லைப் பெருநாள் கழிச்சுப் பாத்துக்கிறோம், டாக்டர். வேற ஆளுகிட்ட."