பொட்டு வைத்த பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நசரத்பேட்டை தாண்டி ஒரு காலி மனையில் நடந்தது இது.

திருமழிசை எஸ்டேட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக றெக்கை மாட்டுவதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், எண்ணுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. கணவருக்கு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. மனுஷனுக்கு ட்ரோன் பைத்தியம். கடையில் வாங்க வசதியில்லாமல், மோட்டார், பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சட்டத்தைத் தானே அறுத்து, ஒரு வருடம் உட்கார்ந்து நாலு றெக்கை வைத்த ஒன்றைச் செய்துவிட்டார். பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் மொட்டை மாடியில் அது இடுப்பு உயரம் எழும்பியதை நானே பார்த்தேன்.

ஞாயிறுதோறும் அந்த மனைக்கு ஐந்தாறு பேர் ட்ரோன் விட வருவார்கள். எல்லோருக்கும் ஐ.டி. வேலை, கடையில் வாங்கிய ட்ரோன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் செய்து முடிக்கும் முன்பிருந்தே இவருடையதை "மிக்ஸி" என்று ஓட்டுவார்கள். அங்கே சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார், வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. "இன்னிக்கு ஏறலேன்னா எல்லாத்தையும் வித்துட்டு வேற வேலையப் பாக்கப் போறேன்மே" என்று அன்று கிளம்பும்போதே சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் கூடவே போனேன்.

ஏறவில்லை. கத்தியது, ஆடியது, தரையை விட்டு நாலு விரல்கூட எழும்பவில்லை.

பேட்டரியை மாற்றினார்கள். லேப்டாப்பை மாட்டி ஏதேதோ பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஓடிப்போனது. "வுடு மச்சான், மோட்டாரு மட்டம். இன்னா பண்ணாலும் ஏறாது" என்றார் ஒருவர். இவர் பெட்டியை எடுத்துவந்து, எல்லாவற்றையும் உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

டிபன் பையோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்த எனக்கு அந்தச் சத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு இரைச்சலுக்குப் புழுதியே கிளம்பவில்லை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் றெக்கையைக் குப்புற மாட்டினால் இப்படித்தான் இரையும், காற்று பேருக்குத்தான் வரும். கிட்டே போய்ப் பார்த்தேன். நாலு றெக்கையிலும் நான் வைத்த குங்குமப் பொட்டு மேல்பக்கமாக இருந்தது.

பூஜைக்கு றெக்கைகளைக் கழற்றித் துடைத்தது நான்தான். ஒரு பக்கம் ஏதோ எழுத்து இருந்தது; அதுதான் மேல்பக்கம் என்று அப்போது தோன்றவில்லை. எழுத்தை மறைத்துப் பொட்டு வைக்க மனசு வராமல், வழவழவென்றிருந்த மறுபக்கம் வைத்தேன். திரும்ப மாட்டும்போது, பொட்டு தரையைப் பார்க்கலாமா? மேலே தெரிகிற மாதிரி மாட்டினேன். இவரும் பொட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாரே தவிர, றெக்கையைப் பார்க்கவில்லை. கம்பெனியில் ஒன்றைக்கூடத் தப்பாக மாட்டியதில்லை என்று பீற்றிக்கொள்பவள், வீட்டில் நாலையும் குப்புற மாட்டியிருக்கிறேன்.

சொன்னால் அத்தனை பேர் முன்னால் மானம் போகும். சும்மா இருந்தால் மோட்டார்மேல் பழி போட்டு விற்றுவிடுவார், யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"ஏங்க, பெட்டிய மூடாதீங்க. றெக்கை குப்புற கீது. பூஜைக்குக் கழட்டி நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"அண்ணி, இது ஃபேன் இல்ல" என்று சிரித்தார் மோட்டாரைக் குறை சொன்ன நண்பர்.

"எது சுத்துனாலும் காத்து காத்துதாம்பா" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்பானரை என் கையில் கொடுத்து, "நீயே மாட்டுமே" என்றார்.

அந்தந்த மோட்டாரிலேயே றெக்கையைத் திருப்பிப் போட்டு முடுக்கினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இவர் ரிமோட்டை எடுத்தார். குப்பென்று புழுதி கிளம்பி எங்கள் கண்ணிலெல்லாம் விழுந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால், தென்னை மர உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது. மோட்டார் மட்டம் என்றவர்தான் முதலில் கைதட்டினார். இவர் மேலே பார்த்தபடியே, "எங்க ஊட்டம்மா மாட்டுனது, எங்க ஊட்டம்மா மாட்டுனது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதெல்லாம் பூஜைக்குச் சட்டத்தில் மட்டும்தான் பொட்டு. நான் செய்த தப்பைச் சொல்ல அன்று கூச்சப்பட்டிருந்தால், எனக்குத் தெரிந்த வேலையையும் யாருக்கும் காட்டாமலே வீடு திரும்பியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.