என் ஓர்ப்படியின் ரத்தம்

சித்தூரில் நான் வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஆலையில் ஒருநாள் காலில் வெந்நீர் கொட்டியது. பக்கத்தில் நின்றவள் அலறினாள். எனக்குச் சுடவே இல்லை.

அதற்கு ஓராண்டு முன்பே ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, "மச்சலு உன்னாயா அம்மா?" என்று கேட்டிருந்தார். தோலில் திட்டுகள் உண்டா என்று தெலுங்கில் கேட்கிறார். திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அப்போது தெலுங்கு பிடிபடவில்லை. "இருக்குது, கழுத்துல. ராசியான மச்சம்," என்று காட்டினேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். முதுகிலிருந்த வெளிறிய திட்டுகளை நான் காட்டவில்லை.

வெந்நீர் கொட்டிய அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். என் கொழுந்தன் மனைவி சரளா சித்தூர்க்காரி; தமிழும் தெலுங்கும் பேசுவாள். கேள்வி புரிந்து, முன்கையிலிருந்த ஒற்றைத் திட்டைக் காட்டினாள். தொழுநோய் என்றார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் எனக்கும் இருந்தது. அவளுக்கு ஆறு மாத மாத்திரை, எனக்குப் பன்னிரண்டு மாதம். மாத்திரையால் என் முகம் கறுத்துப்போனது. அவள் பளிச்சென்று இருந்தாள்.

திருப்பதி மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்காக இருவரும் ரத்தம் கொடுத்தோம். அதில் சைட்டோகைன் (கிருமியைக் கண்டதும் உடலின் காவல் அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட வெளிவிடும் பொருள்) எவ்வளவு என்று பார்ப்பார்களாம். முடிவை எங்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லச் சொன்னோம்.

"இதை வெச்சு மருந்து மாறாதும்மா. சரளா ரத்தம் கிருமியோட நல்லா சண்டை போடுது. உங்களுது கொஞ்சம் மந்தமா இருக்குது," என்றார் டாக்டர்.

எனக்கு வயிறு எரிந்தது. மொழியும் அவளுக்கு, சின்ன நோயும் அவளுக்கு, இப்போது நல்ல ரத்தமும் அவளுக்கா? திரும்பும் ரயிலில் அவள் பக்கத்தில் உட்காராமல் வேறு இருக்கைக்குப் போனேன்.

மாத்திரை தொடங்கிய நான்காம் மாதம் சரளா தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, முழங்கையில சுர்ருனு இழுத்துக்கினே இருக்குது. திட்டும் செவந்து வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"உனக்கின்னாடி, உன் ரத்தந்தான் சண்டை போடுதே. போட்டுத் தீர்க்கட்டும்," என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அவளுடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி, நீட்ட வராமல் போயின. திருப்பதிக்கு ஓடினோம். எதிர்வினை (எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்கும் வேகத்தில் நரம்பையும் தாக்குவது) என்றார் டாக்டர். நான் பொறாமைப்பட்ட அதே சண்டைதான். "வலி வந்த அன்னைக்கே வந்திருக்கணும்," என்றபோது நான் தரையைப் பார்த்தேன்.

இதைப் படிக்கும் நோயாளிகளே, நரம்பு வலித்தாலோ திட்டு சிவந்தாலோ அன்றே போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்; என்னைப் போல ஒருத்தி அங்கே இருக்கலாம்.

பல மாதங்கள் ஸ்டீராய்டு (வீக்கம் தணிக்கும் மருந்து) எடுத்தபின் மோதிரவிரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் நிமிரவில்லை. வீட்டில் எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

என் மாத்திரை முடிந்து முகம் தெளிந்து வருகிறது. பாதம் மட்டும் மரத்தே இருக்கிறது. காயம் உண்டா என்று தினமும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மாத்திரை விழுங்கிய பன்னிரண்டு மாதமும் ஒரே மூட்டமாக நினைவிருக்கிறது. அந்த ஒன்பது நாளில் எந்த நாள் என்ன சமைத்தேன் என்பதுகூட மறக்கவில்லை.

போன வாரம் சரளாவுக்குத் தலை பின்னிவிட்டேன்.

"அக்கா, அந்த ஒம்பது நாளும் நீ சொன்னதை நெனச்சிக்கினுதான் தைரியமா இருந்தேன். ரத்தம் சண்டை போடுது, சரியாயிடும்னு."

பின்னலை இறுக்கிக் கட்டினேன். அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.