ஏழடிச் சந்து

வீட்டை ஒட்டிய சந்தில் நூறு எட்டு எடுத்து வைத்தால் பூங்கா. ஓய்வு பெற்றபின் பத்து வருஷமும் சர்வேயருக்குச் சாயங்காலம் அங்கேதான். பழைய போஸ்ட்மாஸ்டரும் தையல்காரரும் முன்னாலேயே வந்து பெஞ்சைப் பிடித்துவைத்திருப்பார்கள். மூன்று பேருமாக ஊர் உலகத்தையே அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

பக்கத்து மனையை வாங்கிய காண்ட்ராக்டர் மாடி வீடு கட்டினார். கையோடு சந்தை மறித்து ஆளுயரத்துக்குச் சுவரும் எழுப்பினார். கேட்கப் போன சர்வேயரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரோட்டு வழியாப் போங்க பெரியவரே. நடந்தா உடம்புக்கு நல்லது.”

ரோட்டு வழி ஒரு மைல். லாரிகள், தோண்டிப்போட்ட குழிகள். இரண்டு தரம் போனார். மூன்றாம் தரம் முட்டிவலியில் பாதியிலேயே திரும்பிவிட்டார். அதன்பின் நாற்காலி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூசாத சுவர். சவரம் வாரத்துக்கு ஒன்றாகி, அதுவும் நின்றது. சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். போஸ்ட்மாஸ்டர் போன் செய்தால் மருமகளிடம், “தூங்குறேன்னு சொல்லிடும்மா” என்பார்.

வயசானால் இப்படித்தான் என்று மகன் விட்டுவிட்டான். மருமகள் விடவில்லை. ஐந்தாம் மாதம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை எழுதும்முன் டாக்டரம்மா கேட்டார்: “கடைசியா எப்போ வாய்விட்டுச் சிரிச்சீங்க?”

யோசித்தார். சுவர் வருவதற்கு முந்தின நாள்.

மனசு தானாக ஒடிந்துபோனதென்று இத்தனை மாதம் தன்னையே நொந்துகொண்டிருந்தாரே! ஆட்டோவில் திரும்பும்போது, “பாவி, என்னை உயிரோட பூட்டிட்டான்” என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் பரணிலிருந்து அளவு நாடாவை இறக்கினார். மருமகள் ஒரு முனையைப் பிடித்தாள். ஏழடிச் சந்து பொதுவழி. சுவர் மட்டுமல்ல, காண்ட்ராக்டரின் கார் ஷெட்டும் மாடி பால்கனியும்கூட அதற்குள்தான் நின்றன. வரைபடத்தோடு மனு கொடுத்தார். ஆட்டோ பிடித்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். மாத்திரை செய்யாததை ஆத்திரம் செய்தது. பசித்தது. தினமும் சவரம் செய்துகொண்டார்.

ஒன்பது மாதம் கழித்து இடிக்க உத்தரவு வந்ததும் காண்ட்ராக்டர் வீடு தேடி வந்தார்.

“ஐயா, சுவரை நானே எடுத்துடறேன். ஷெட்டையும் பால்கனியையும் மட்டும் விட்டுடுங்க.”

“ஒரு அங்குலம் விடமாட்டேன்.”

அவர் போனபின் மருமகள் தயங்கினாள். “சுவர் போனாப் போதாதா மாமா?”

“போதாதும்மா. ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. அதை அவன் எங்கேருந்து திருப்பித் தருவான்?”

இடித்த அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பால்கனி தடாலென்று விழுந்தபோது இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் செங்கல் குவியலைத் தாண்டிப் பூங்காவுக்குப் போனார். தையல்காரர் மட்டும்தான் இருந்தார். போஸ்ட்மாஸ்டரை மகள் வெளியூருக்குக் கூட்டிப்போய் இரண்டு மாதம் ஆகிறதாம்.

சர்வேயர் பெஞ்சில் போஸ்ட்மாஸ்டரின் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“அந்த ஷெட்டோட அஸ்திவாரம் இன்னும் கெடக்கு,” என்றார். “நாளைக்கு அதுக்கும் ஒரு மனு எழுதணும்.”

“எழுது,” என்றார் தையல்காரர். “நானும் கையெழுத்துப் போடறேன்.”